கிளேர்ஸ்ஹோம்: கோதுமை வயல்களின் தொகுதி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகருக்குத் தெற்கே, கோதுமை விளையும் சமவெளியில் இருக்கிறது கிளேர்ஸ்ஹோம் என்ற சிற்றூர். 1909இல் அந்தப் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி உருவானது. வாக்காளர்களில் பெரும்பாலோர் உழவர்கள். முதலிரண்டு உறுப்பினர்களும் லிபரல் கட்சிக்காரர்கள்.

ஆல்பர்ட்டா பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1916இல். மறு ஆண்டே, 1917 ஜூன் 7ஆம் தேதி, இந்தத் தொகுதி மக்கள் லூயிஸ் மெக்கின்னி என்ற பெண்மணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் பேரரசு முழுவதிலும் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான்! பெருநகரம் எதுவும் செய்யாததை ஒரு விவசாயத் தொகுதி செய்து காட்டியது.

மதுவிலக்குக்காகப் பாடுபட்ட முன்னாள் ஆசிரியை அவர். கணவன் குடியிருக்கும் வீட்டையும் நிலத்தையும் மனைவியின் சம்மதமின்றி விற்க முடியாதபடி ஆல்பர்ட்டாவில் சட்டம் வந்ததில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. எத்தனை குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காத்திருக்கும் அந்தச் சட்டம்!

1921இல் உழவர் கட்சி அலை வீசியபோது, மெக்கின்னி மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். ஆனாலும் ஓயவில்லை. கனடா செனட்டில் பெண்களும் இடம்பெறலாம் என்று 1929இல், அன்று கனடாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த ஐந்து பெண்களில் அவரும் ஒருவர்.

கிளேர்ஸ்ஹோம் தொகுதி 1930இல் அண்டைத் தொகுதியான நான்டனுடன் இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, கிளேர்ஸ்ஹோம் ஊரிலேயே மெக்கின்னி காலமானார்.