உங்களுக்குத் தெரியுமா? மோதிரத்தில் கல் பதிக்கும் விதம்
முகலாய அரண்மனைகளில் பிரசித்தி பெற்று இன்றும் டில்லி நகைக்கடைகளில் காணப்படும் குந்தன் வேலையில், பற்றவைப்பும் கவ்விகளும் இன்றி, மிருதுவான சுத்தத் தங்கக் கீற்றுகளைக் கல்லைச் சுற்றி அழுத்தியே பிணைத்துவிடுகிறார்கள் என்பது மகா ஆச்சரியம். ஆனால் கல்லுக்கடியில் வைக்கும் பளபளப்பான தகட்டில் நீர் புகுந்தால் அதன் காந்தி மங்கிவிடும். ஆகவே, பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கி ஜீவனம் நடத்துவோரின் விரலுக்கு, தங்க விளிம்பு கல்லை முழுதும் அணைத்து, அடிப்பாகம் திறந்திருக்கும் மோதிரமே உத்தமம். 1886-இல் டிஃபனி கம்பெனி அறிமுகப்படுத்திய ஆறு கவ்விப் பதிப்பு வைரத்துக்கு அதிகப் பிரகாசம் தருமாயினும், துணியில் மாட்டி இழுக்கும்; கவ்வி தளர்ந்தால் கல்லும் போய்விடும்.