சிறு பாய்மரப் படகுக்கான இறக்குதளத் தேர்வு (கொங்கு நாடு)

இறக்குதளத் தேர்வு என்பது, தானுந்தின் பின்னால் டிரெய்லரில் இழுத்துச் செல்லப்படும் சிறு பாய்மரப் படகைக் கடலிலோ காயலிலோ இறக்குவதற்கும், பயணம் முடிந்தபின் மீண்டும் கரையேற்றுவதற்கும் ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதாகும். கடற்கரை நகரங்களில் வாழ்வோருக்கு இது பெரிய கேள்வி அன்று. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஆகிய கொங்கு மாவட்டங்கள் எதற்கும் கடற்கரை இல்லை. ஆயினும் இப்பகுதி அரபிக்கடல், மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை, வங்கக்கடல் ஆகிய நான்கு நீர்ப்பரப்புகளுக்கும் சாலை வழியே ஒரு நாளில் சென்றடையக்கூடிய தொலைவில் அமைந்துள்ளது. கோயம்புத்தூரிலிருந்து பொன்னானி ஏறத்தாழ 135 கி.மீ., கொச்சி 190 கி.மீ., தூத்துக்குடி 350 கி.மீ., மண்டபம் 370 கி.மீ., சென்னை 500 கி.மீ. தொலைவில் உள்ளன. அண்மையில் உள்ள கடலையே தேர்வது இயல்பாகத் தோன்றினும், பெரும்பாலான மாதங்களில் அது சரியான தேர்வாக அமைவதில்லை.

படகின் அளவு

டிரெய்லரில் ஏற்றும் படகுகள் பொதுவாக 4 முதல் 6 மீட்டர் நீளமுடையவை. முன்னர் லேசர் என அழைக்கப்பட்டு இப்போது ஐ.எல்.சி.ஏ. எனப்படும் ஒருவர் ஓட்டும் படகு 4.2 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 59 கிலோ உடல் எடையும் கொண்டது. இருவர் ஓட்டும் ஹோபி 16 என்னும் இரட்டையுடல் படகு 5 மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் உடையது. (இரட்டையுடல் படகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நமது கட்டுமரத்திலிருந்து சென்றதே. ஆனால் கட்டுமரத்திற்கு இரண்டு உடல்கள் இல்லை.) ஐ.எல்.சி.ஏ. படகில் அடிக்கட்டைக்கு மாற்றாக மேலே இழுத்துக்கொள்ளக்கூடிய நடுப்பலகை இருப்பதாலும், ஹோபி 16 படகில் அடிக்கட்டையோ நடுப்பலகையோ இல்லாததாலும், முழங்கால் அளவு நீரே இறக்குவதற்குப் போதும். இந்த எடையில் உள்ள படகை அகலச் சக்கரக் கைவண்டியில் வைத்து இருவர் மணலில் தள்ளிச் செல்லலாம். அதைவிடப் பெரிய படகுக்குக் கற்காரைச் சாய்தளம் தேவை. சாய்தளத்தின் சரிவு 12 முதல் 15 விழுக்காடு வரை இருத்தல் நன்று. சரிவு மிகக் குறைந்தால் படகு மிதக்கும் முன்னரே தானுந்தின் பின் சக்கரங்கள் உப்புநீரில் இறங்கிவிடும்.

தேர்வின் அடிப்படை

சாலைத் தொலைவு, நிறுத்துமிடம், தங்குமிடம் ஆகியவற்றைப் பலரும் முதலில் பார்ப்பர். அவற்றுக்கு முன் பார்க்க வேண்டியது, அம்மாதத்தில் அக்கரையில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதாகும். கடலிலிருந்து கரை நோக்கி வீசும் காற்றில் அலை உயரும். படகை இறக்குவது கடினம். ஆனால் சுக்கான் உடைந்தாலும் படகு கவிழ்ந்தாலும் காற்று படகைக் கரைக்கே கொண்டுவரும். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் கரையோர நீர் குளம் போல் அமைதியாக இருக்கும், இறக்குவது எளிது. அதே காற்று, பழுதுபட்ட படகை நடுக்கடலுக்குத் தள்ளிச் செல்லும். புதியவர்கள் ஏமாறுவது இந்த அமைதியான நீரைக் கண்டுதான். கரையில் நின்று பார்க்கும்போது அலையின் முதுகே தெரிவதால், ஒரு கிலோமீட்டர் அப்பால் கடல் எவ்வளவு கொந்தளிப்பாக உள்ளது என்பதும் தெரிவதில்லை. கொங்கு நாட்டிலிருந்து கடல் தேடிச் செல்வோரின் தேர்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

பாலக்காட்டுக் கணவாய் வழி: மேற்குக் கரை

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்தில் உள்ள பாலக்காட்டுக் கணவாய், கொங்கு நாட்டின் இயற்கையான கடல்வாயில் எனலாம். கொடுமணலில் செய்யப்பட்ட மணிகளும் படியூர்ப் பகுதியின் பச்சைக்கல்லும் சங்க காலத்தில் இவ்வழியாகவே முசிறி முதலிய மேற்குக் கரைத் துறைகளுக்குச் சென்றன எனக் கருதப்படுகிறது. கொங்கு நாட்டில் உரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்திருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது. இன்று சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544 அதே வழியில் செல்கிறது. குதிரான் மலையேற்றத்தில் டிரெய்லருடன் சரக்குந்துகளின் பின்னே ஊர்ந்து செல்ல வேண்டியிருந்த நிலை, 2021 ஜூலையில் அங்குள்ள சுரங்கப்பாதையின் முதல் குழாய் திறக்கப்பட்டபின் மாறியது.

கணவாய் வழியே சாலையுடன் காற்றும் செல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று கணவாய்க்குள் புகுந்து கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கார்த்திகை முதல் தை வரை திசை மாறி, கிழக்கிலிருந்து வீசும் காற்று கணவாயைக் கடந்து பாலக்காடு, திருச்சூர்ப் பகுதிகளில் வலுவாக உணரப்படுகிறது.

பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானி இக்கணவாய்க்கு நேர் மேற்கே உள்ளது. தொலைவை மட்டும் கருதினால் இதுவே முதல் தேர்வாகும். ஆனால் குளிர்கால முற்பகல்களில் இங்குக் கிழக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கடற்காற்று எழுந்து திசை மாறுவதற்கு நண்பகல் ஆகிவிடும். ஆற்றுவாயில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். திட்டின் மேல் அலை உடையும்போது சிறு படகு எளிதில் கவிழும். உள்ளூர் மீனவர் ஒருவருடன் ஒருமுறையேனும் ஆற்றுவாயைக் கடந்து பார்த்த பின்னரே பொன்னானியைத் தேர்வதைப் பற்றி எண்ண வேண்டும்.

கொச்சியின் நிலை வேறு. இங்கு கடலுக்குச் செல்லாமலே பாயை விரிக்கலாம். துறைமுகக் காயலும் வேம்பநாட்டுக் காயலும் பேரலை புகாத நீர்ப்பரப்புகள். 1920 இல் வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ வாயிலின் மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தியபின், 1928 இல் கடற்கப்பல் உள்துறைக்குள் வந்தது; தூர்வாரிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவானது. போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அமைந்துள்ளது. 2008 டிசம்பரில் வோல்வோ பெருங்கடல் பந்தயப் படகுகள் கொச்சியில் தங்கிச் சென்றன.

கொச்சியில் கவனிக்க வேண்டியவை மூன்று. கடற்படையின் தெற்குத் தலைமையகமும் 2011 இல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் கொள்கலன் முனையமும் இருப்பதால், தடை செய்யப்பட்ட பகுதிகளையும் கப்பல் தடத்தையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். காயல் பாலங்கள் பல பாய்மரத்தின் உயரத்தைவிடத் தாழ்ந்தவை. ஓத வேறுபாடு ஒரு மீட்டர் அளவே எனினும், காயல் நீர் முழுவதும் குறுகிய வாயில் வழியே வெளியேறுவதால் வற்றுநீரோட்டம் வலுவாக இருக்கும். காற்று ஓய்ந்த மாலையில் வாயிலருகே இருக்கும் படகு, பாய் விரித்தபடியே கடலுக்குள் இழுக்கப்படலாம். துடுப்பு ஒன்று படகில் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

கிழக்குக் கரை

சோழமண்டலக் கடற்கரையின் நேரான மணற்கரையில் ஆண்டு முழுவதும் அலை உடைகிறது. துறைமுகம் கட்டப்படும் வரை சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே சென்று வந்தன. இன்றும் அலை வழியே சிறு படகை இறக்குவது தேர்ந்தவர்களுக்கே இயலும். 1911 இல் தொடங்கப்பட்ட இராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்களுக்குள் இயங்குவதன் காரணம் இதுவே. பயிற்சி பெற விரும்புவோர் சென்னை செல்வது பொருத்தம். அதற்காக 500 கி.மீ. படகை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. கழகப் படகிலேயே கற்கலாம்.

மண்டபம்: இரு கடல்

மண்டபம் ஒரு குறுகிய நிலமுனை. அதன் வடக்கே பாக்கு நீரிணைப் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடற்கரை அமைதியாக இருக்கும். கச்சான் காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் நிலை தலைகீழாகும். டிரெய்லர் உள்ளவருக்கு இது பெரும் வசதி: ஒரு கடலிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியே சில நிமிடங்களில் படகை மாற்றிவிடலாம். பருவத்திற்கேற்பத் திசை மாறும் வலுவான நீரோட்டம் உடைய பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டியதே இல்லை. (1914 இல் திறக்கப்பட்ட பழைய தொடருந்துப் பாலத்திற்கு மாற்றாக, செங்குத்தாக உயரும் நடுப்பகுதியுடைய புதிய பாலம் 2025 ஏப்ரலில் அங்குத் திறக்கப்பட்டது.)

ஆனால் மேலே கூறிய எச்சரிக்கை இங்கேதான் முழுமையாகப் பொருந்தும். எந்தப் பருவத்திலும் அமைதியாக உள்ள பக்கம், காற்று கரையிலிருந்து வெளியே வீசும் பக்கமே. ஆடியில் வடகடலில் இறக்கிய படகு பழுதானால், அது வடகிழக்கே, 1974 ஆம் ஆண்டு உடன்பாட்டில் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையை நோக்கி ஒதுங்கும். அந்த எல்லை ஒரே நாளில் எட்டக்கூடிய தொலைவிலேயே உள்ளது. மீனவர்கள் கைது செய்யப்படும் செய்திகளில் அடிபடும் அதே எல்லைதான் இது. பாய்மரப் படகுக்கு அங்கே தனிச்சலுகை கிடையாது. எனவே மண்டபத்தில் தனிப்படகாகச் செல்லாமல், பொறியுள்ள துணைப்படகு ஒன்றை உடன் வைத்துக்கொள்வதும், கரையையொட்டியே ஓட்டுவதும் இன்றியமையாதவை.

தென்கடலில் 1986 இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா உள்ளது. அதன் தீவுகளில் வனத்துறையின் இசைவின்றி இறங்கக் கூடாது. பவளப்பாறைகளின் மேல் நங்கூரம் இடுவதும், கடற்புல் படுகைகளை நடுப்பலகையால் கீறுவதும் பெருங்கேடு. ஆவுளியா எனப்படும் கடற்பசு அக்கடற்புல்லையே உண்டு வாழ்கிறது.

மாதங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொச்சிக் காயலும், காற்று வலுக்குறைந்த நாட்களில் மண்டபத்தின் தென்கடலும் பொருத்தமானவை. எனினும் இது புயற்காலமும் ஆகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, கன்னியாகுமரிக்கு அருகே மிகக் குறுகிய காலத்தில் புயலாக வலுப்பெற்று, ஏற்கனவே கடலில் இருந்த மீனவர் பலரைப் பலிகொண்டது. ஆண்டின் பாதியைக் கடலிலேயே கழிப்பவர்களுக்கு நேர்ந்தது இது. ஆகவே காற்றழுத்தத் தாழ்வுநிலை அறிவிக்கப்பட்டால் பயணத்தைக் கோவையிலேயே கைவிடுவதே முறை.

மார்ச் மாதம் இரு கரைகளிலும் இதமானது. ஏப்ரல், மே மாதங்களில் மேற்குக் கரையிலும் தென்முனையிலும் கள்ளக்கடல் ஏற்படும். தொலைவில் தென் பெருங்கடலில் வீசிய சூறாவளியால் எழும் நெடும் அலைகள், காற்றே இல்லாத நாளில் கரையை வந்தடைவதை இச்சொல் குறிக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் திறந்த கடலை நாடவே கூடாது. மீன்பிடித் தடைக்காலங்களில் (தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை) விசைப்படகுகள் அனைத்தும் துறையில் நிற்பதால், மீன்பிடித் துறைமுகச் சாய்தளங்களில் இடம் கிடைப்பதும் அரிது.

கரையில் செய்ய வேண்டியவை

டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் தேவை. வாளையார் எல்லையில் இது கேட்கப்படலாம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோரக் கண்காணிப்பு இறுகியுள்ளதால், இறக்கும் முன் உள்ளூர்க் கடலோரக் காவல் நிலையத்தில் படகின் நிறம், ஆட்களின் எண்ணிக்கை, திரும்பும் நேரம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். கடலோரக் காவல் நிலையத்தின் அவசர எண் 1093, இந்தியக் கடலோரக் காவற்படையின் மீட்பு எண் 1554. கரையில் இருக்கும் ஒருவரிடமும் திரும்பும் நேரத்தைக் கூறிவைப்பது நன்று.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் படுவது கடலில் கவிழ்வதைவிட ஆபத்தானது. நெடும்பயணத்தில் டிரெய்லரின் சக்கரத் தாங்கிகள் சூடேறியிருக்கும். அந்நிலையில் அவற்றை நீரில் இறக்கினால், திடீரெனக் குளிர்ந்து உப்புநீரை உள்ளிழுத்துக்கொள்ளும். அடுத்த பயணத்தில் சக்கரம் நடுவழியில் இறுகிவிடும். சாய்தளத்தை அடைந்தவுடன் தேநீர் அருந்தச் செல்வது இதற்கு நல்ல மருந்து. திரும்பும்போது படகு, டிரெய்லர், பிரேக், கொக்கி அனைத்தையும் நன்னீரால் கழுவிய பின்னரே கணவாயை நோக்கிப் புறப்பட வேண்டும்.