ஆற்று மணலும் சந்தைத் திடலும்

விளையாட்டு மைதானம் என்று தனியாக ஒன்று நம் தஞ்சைத் தரணியில் பெரிய ஊர்களில்தான் உண்டு. தஞ்சாவூரில் திலகர் திடல் இருக்கிறது. அங்கும் அரசியல் கூட்டத்துக்குப் போக மிச்ச நாள்தான் பையன்களுக்கு. பிறகு அன்னை சத்யா விளையாட்டரங்கம் வந்தது. மற்ற ஊர்களில் ஆட்டமெல்லாம் இரவல் இடத்தில்தான். ஆறு, அறுத்த வயல், நெற்களம், கோயில் மண்டபம், சந்தைத் திடல், அடைத்த பிறகு நம் கடைவீதி. பட்டா யார் பெயரிலோ இருக்கும், அனுபவம் பிள்ளைகளுடையது.

அந்த இரவலுக்கும் ஒரு கணக்கு இருந்தது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் அடைப்பு என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தத் தேதியைப் பார்த்து உழவர் நாற்று விடுவார், நாம் கடன் கொடுப்போம், பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்கள். தண்ணீர் வடிந்தால் வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் மணல் திடல்தான். சடுகுடு ஆட அதைவிட நல்ல இடம் கிடையாது, விழுந்தால் முட்டி பெயராது. வயலில் சம்பா, தாளடி அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில் கிட்டிப்புள். வரப்புதான் எல்லைக்கோடு. பின்னால் அதே வயலில் கிரிக்கெட் வந்தது. ஆறு வறண்டு கிடப்பதும் பள்ளிக்கூட லீவும் ஒரே சமயத்தில் வந்தது யார் செய்த புண்ணியமோ!

மளிகைக்கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பம்பரம், சாட்டை, கோலிக்குண்டு, ரப்பர் பந்து எல்லாம் நம் கடை வாசலில் தொங்கியவைதான். லாபம் சொற்பம், ஆனால் பம்பரம் வாங்க வந்த பையன் அம்மாவுக்குக் கடுகும் வாங்கிப் போவான். புளி தட்டி எடுத்தால் கொட்டை மிஞ்சும். அதைக் கேட்டு வருகிற பெண்பிள்ளைகளுக்கு மடிநிறையக் கொடுத்து அனுப்புவோம், பல்லாங்குழிக்கு. மதிய நேரம் வியாபாரம் மந்தமாக இருந்தால் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம். பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லிலேயே இந்தக் கட்டம் வெட்டியிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். ஓய்ந்து உட்கார்ந்தவன் ஆடத்தான் செய்வான் என்பது கல் வெட்டிய காலத்திலேயே தெரிந்த விஷயம்.

பொங்கலுக்கு வழுக்குமரமும் உறியடியும் கபடியும் நடந்தால் பரிசுக்கு எவர்சில்வர் குடம் யார் கொடுப்பது? நாம்தான். நோட்டீசில் கடைப் பெயர் வரும் என்று கொடுப்பவரும் உண்டு. அதிலென்ன தப்பு?

இந்த இரவல் இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. ஆற்றில் மணலை அள்ளிவிட்டார்கள். பல இடங்களில் நாணலும் கருவேலமும் ஆள் முழுகுகிற பள்ளமும்தான் மிச்சம். எந்தத் தகப்பன் அங்கே பிள்ளையை அனுப்புவான்? போர் போட்டவர் கோடையிலும் நெல் நடுகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. சாலையோர வயல் மனைக்கட்டாகிவிட்டது. செயற்கைப் புல் விரித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மைதானங்கள் இப்போது வந்திருக்கின்றன. அதுவும் ஒரு தொழில்தான், நடக்கட்டும். ஆனால் சுமைதூக்கும் தொழிலாளி வீட்டுப் பையன் அங்கே போக முடியாது.

மன்னார்குடி சாலையில் இருக்கிற வடுவூரைப் பாருங்கள். வெளியூர்க்காரருக்கு அது பறவைகள் வரும் ஏரி. நமக்குக் கபடி ஊர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் காட்சிக்காக ஆடிக் காட்டிய ஆட்டம், 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க ஆட்டமானது. நம் தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணிகளில் வடுவூர் அபினேஷும் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. இன்று பெரிய போட்டியெல்லாம் ரப்பர் விரிப்பில்தான் நடக்கிறது. ஆனால் ஆட்டம் வளர்ந்தது ஊர் மண்ணில்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் வாரம் ஒரு நாள்தான் சந்தை. மற்ற நாள் மாலையில் பையன்கள் ஆடுவார்கள். விருதுநகர் மிளகாயும் வடக்கத்திப் பருப்பும் ஏற்றி வரும் லாரிகளுக்குக் கடைவீதியில் நிற்க இடமில்லை, நின்றால் அபராதம். ஆகவே திடலுக்கு வேலி போட்டு, கேட் வைத்து, லாரி நிறுத்தமாக்கித் தரும்படி பேரூராட்சியைக் கேட்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. தேவை உண்மைதான். என் சரக்கும் அந்த லாரியில்தான் வருகிறது.

நான் எழுந்து கேட்டது ஒன்றுதான். லோடு விடியற்காலையில் வருகிறது, பதினொரு மணிக்குள் இறங்கிவிடுகிறது. மாலையில் எதற்குப் பூட்டு?

ஒரு உறுப்பினர், “பந்து பட்டு என் கண்ணாடி ஜாடி உடைந்ததே, காசு யார் தருவார்?” என்றார். நியாயமான கேள்வி. என் மண்டியில் ட்யூப்லைட் இரண்டு முறை போயிருக்கிறது. ஒரு லோடில் சிந்திச் சிதறும் சேதாரத்துக்கு அது காணாது. கடைப் பையன் மாதப் பிறப்பிலேயே அட்வான்ஸ் கேட்டு நிற்பதை நம்மில் பலர் பார்த்தாயிற்று. செல்போனில் ரம்மி ஆடித் தொலைத்த பணம் அது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்ய 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது. திடலில் பந்து தேய்ந்ததே தவிர யார் சம்பளமும் தேய்ந்ததில்லை என்றேன். சிலர் சிரித்தார்கள், ஜாடிக்காரர் சிரிக்கவில்லை.

கடைசியில் தீர்மானம் திருத்தப்பட்டது. பிற்பகல் மூன்று மணி வரை லாரி. அதற்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமையும், நாம் எல்லாரும் கடையடைக்கும் மே 5 வணிகர் தினத்தன்றும் திடல் பிள்ளைகளுக்கு. கேட் சாவி மூலை டீக்கடையில் இருக்கும். கடைகள் உள்ள பக்கம் வலை கட்டும் செலவைச் சங்கம் ஏற்கும். இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்தே கையெழுத்திட்டார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது. இருட்டும் நேரத்துக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று பையன்கள் கேட்கிறார்கள். மின் இணைப்பை யார் பெயரில் வாங்குவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மனு பேரூராட்சியில் இருக்கிறது.