டாக்டர் கடிதம் வரும்வரை...

"தங்கச்சி, என் மகன் அடுத்த வருஷம் படிவம் ஒன்று. டாக்டர் கடிதம் இன்னும் கைக்கு வரல. எந்தப் பள்ளியில கேக்கறது?"

பஹாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வானொலிக்கு வந்த அழைப்பு. இரண்டு பாட்டுக்கு நடுவில் பதில் சொல்ல முடியாத கேள்வி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பையனை ஒன்றாம் ஆண்டிலிருந்தே அறிவார். எழுத்து இடம் மாறினாலும் பொறுத்துக்கொள்வார். இடைநிலைப்பள்ளியில் மொழி மாறும். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். அங்கே அவனைப் புரியவைக்க ஒரு தாள் தேவை.

அந்தத் தாளுக்கு முதலில் கிளினிக், பிறகு மருத்துவமனை நிபுணர். சிரம்பான் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. தேதி தள்ளிப்போனால் இன்னொரு நாள்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019 முதல் கல்வியமைச்சின் கொள்கை. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்பில் சேர மருத்துவச் சான்று வேண்டும். 2013 விதிமுறைப்படி, சேர்ந்த பிறகும் மூன்று மாதம் வரை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அந்த வகுப்பு எல்லாப் பள்ளியிலும் கிடையாது.

ஆகவே கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். எந்தப் பள்ளியில் வகுப்பு இருக்கிறது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் இப்போதே கேளுங்கள். கிளினிக் தேதிச் சீட்டு, பழைய நோட்டுப் புத்தகங்கள், ஆசிரியரின் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

போனை வைக்கும்முன் அந்த அம்மா சொன்னார்: "சைக்கிளைக் கழற்றி மாட்டிடுவான் தங்கச்சி. எழுத்துதான் வரல."

அதையும் எழுதி அந்தக் கோப்பில் வையுங்கள், அக்கா.