ஜப்பான்காரன் கடலூரில் இறங்கியிருக்க முடியுமா? தெரியுமா?

‘ஜப்பான்காரன் வர்றான்!’ இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் இந்த ஒரு பேச்சுக்கே சென்னைப் பட்டணம் காலியானது தெரியுமா? உயர் நீதிமன்றமே கோயம்புத்தூருக்கும் அனந்தப்பூருக்கும் பிரிந்து போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். பாவம், அவை என்ன செய்தன!

பயத்துக்குக் காரணம் இருந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர், மார்ச்சில் ரங்கூன், அதே மாதம் அந்தமான் ஜப்பானிடம் விழுந்தன. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 திருகோணமலை என்று குண்டுகள் விழுந்தன. திருகோணமலையிலிருந்து கடலூர் 400 கிலோமீட்டருக்குள்தான்!

சரி, இறங்கியிருக்க முடியுமா? இந்தக் கரையில் அந்நியப் படை இறங்கியதே உண்டு, தெரியுமா? 1782இல் பரங்கிப்பேட்டையில் இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள், அந்த ஏப்ரலிலேயே ஆங்கிலேயரிடமிருந்து கடலூரைப் பறித்தார்கள்! ஆனால் அவர்களுக்குக் கரையில் ஹைதர் அலி துணை இருந்தார்.

துணையில்லாமல் வருபவனுக்கு முதல் எதிரி நம் அலைதான். சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. அப்போது கடலூரிலும் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. சரக்கு தோணியில்தான் கரை சேர்ந்தது. அந்தக் காலத்து மசூலா, சலங்கு என்ற படகுகளை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்தார்கள், ஏன் தெரியுமா? அலை அறைந்தால் ஆணியடித்த பலகை பிளக்கும்; தைத்த பலகை வளைந்து கொடுக்கும்! பீரங்கியும் அரிசி மூட்டையும் ஒரு சேனைக்குப் போதுமளவு இந்த அலையில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். தெற்கே ஒதுங்கினால் பிச்சாவரத்துச் சேறும் சுரபுன்னைக் காடும். ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஜப்பானிடம் இங்கே இறக்க ஆளே இல்லை! இலங்கையைப் பிடிப்போம் என்று ஜப்பான் கடற்படையில் யோசனை எழுந்தது. தரைப்படை ஆள் தர மறுத்துவிட்டது. அதன் சேனைகள் சீனாவில் சிக்கிக் கிடந்தன. வங்கக் கடலில் 20க்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு ஜப்பான் கப்பற்படை திரும்பியது.

அப்படியானால் தென்னிந்தியக் கரையில் ஜப்பான் யாரையுமே இறக்கவில்லையா? இறக்கியது! 1942 செப்டம்பர் இறுதியில், மேற்கே மலபார்க் கரையில் உள்ள தானூரில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஐந்து பேர். ஐவருமே இந்தியர்கள், பினாங்கில் பயிற்சி பெற்ற விடுதலைப் போராளிகள்! அவர்களில் வக்கம் அப்துல் காதரைச் சென்னைச் சிறையில் 1943 செப்டம்பர் 10 அன்று தூக்கிலிட்டார்கள். வயது 26.