எழுதி வையுங்கள், சகோதரிகளே!

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய வசனம்தான் (2:282). சிறு தொகைதானே என்று அலட்சியம் செய்வதற்கும் அதில் இடமில்லை.

எழுத்தின் பெறுமதியை வன்னி முஸ்லிம்கள் பட்டு அறிந்தவர்கள். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் தஞ்சமடைந்தார்கள். காணி உறுதிகளையும் கடைக் கணக்குகளையும் பலர் இழந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியபோது, தமது சொத்தைத் தமதென்று நிரூபிக்கக் கையில் ஒரு தாளும் இல்லாதோர் எத்தனை பேர்!

இன்று சாளம்பைக்குளத்திலும் நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் தையல், பலகாரம், கோழி வளர்ப்பு, சில்லறைக் கடை என்று உழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். "நமக்கெதற்கு வரிக் கணக்கு?" என்று இவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது.

2025 ஏப்ரல் 1 முதல், ஒருவரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. அதற்கு மேற்படும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம் என்று வரி ஏறும். ஆனால் வரி விற்பனைக்கல்ல, இலாபத்துக்கே. இங்குதான் கொப்பி கைகொடுக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு சகோதரியின் ஆண்டு விற்பனை 30 இலட்சம். துணி, நூல், கூலி, மின்சாரம் என்று 11 இலட்சம் செலவு. இலாபம் 19 இலட்சம். 18 இலட்சம் கழிய, மிஞ்சிய 1 இலட்சத்துக்கு வரி 6,000 ரூபா. அந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டே இல்லாமல், 30 இலட்சமும் வருமானமென்று கொள்ளப்பட்டால்? 12 இலட்சத்துக்கு வரி. 60,000மும் 36,000மும் சேர்ந்து 96,000 ரூபா! சீட்டுகளைக் குப்பையில் போட்டதன் விலை 90,000 ரூபா.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

வீட்டுப் பணப்பையும் தொழில் பணப்பையும் வேறு வேறாக இருக்கட்டும். பிள்ளையின் பாடசாலைச் செலவு தொழில் செலவாகாது. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த சீனியையும் எழுதுங்கள்.

திகதி, வரவு, செலவு ஆகியவற்றை அன்றன்றே பதியுங்கள். கடனுக்குக் கொடுத்ததைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள். சில கடைச்சீட்டுகளில் எழுத்து மங்கிவிடும். அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். பழைய கொப்பிகளைக் குறைந்தது 5 ஆண்டுகளாவது பாதுகாத்து வையுங்கள்.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். அன்று கையிருப்புச் சரக்கை எண்ணிப் பெறுமதி எழுதுங்கள். வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

18 வயது நிரம்பியோர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் பெற வேண்டுமென்ற விதி 2024இல் வந்தது. இலக்கம் பெற்றால் வரி கட்டியே ஆக வேண்டுமென்று அஞ்சத் தேவையில்லை. எல்லைக்குள் இருப்பவருக்கு வரி கிடையாது.

இன்னொன்று: கட்டிய வரி ஸக்காத் ஆகாது. வரி, ஆண்டின் இலாபத்துக்கு உரியது. ஸக்காத், நிஸாபை எட்டிய வியாபாரப் பொருளுக்கும் பணத்துக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கொரு முறை இரண்டரை வீதம். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவென்பதால் அந்தத் திகதியையும் கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டு கடமைக்கும் ஒரே கொப்பி போதும்.

வீட்டிலுள்ள ஒருவருக்கேனும் அந்தக் கொப்பி இருக்குமிடத்தைச் சொல்லி வையுங்கள். ஒருவர் மௌத்தானால், அவர் பட்ட கடன் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமென்பது தெரியாமல் கலங்கி நிற்கும் நிலை உங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.