துருக்கிமொழியின் விகுதிகளும் சொல்லாக்கமும்: ஒரு சமூக நோக்கு

துருக்கிமொழியைக் கற்கப் புகுவோர் முதலில் அதன் சொற்களின் நீளத்தைக் கண்டு மலைப்பர். அந்நீளத்தின் உள்ளே கண்டிப்பான ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு இலக்கண விதியாக இருக்கும் அதேவேளை, ஒரு சமூகப் போராட்டத்தின் கருவியாகவும் பயன்பட்டுள்ளது என்பதையே இங்கு நாம் விளக்க முனைகின்றோம்.

'இஷ்' என்பது வேலை. செய்வோரைக் குறிக்கும் 'ச்சி' சேர, 'இஷ்ச்சி' தொழிலாளி எனப் பொருள்படும். இன்மைப் பொருளுடைய 'ஸிஸ்' சேர, 'இஷ்ஸிஸ்' வேலையற்றவராவார். அதன்மேல் 'லிக்' சேர, 'இஷ்ஸிஸ்லிக்' வேலையின்மை என்னும் பண்புப்பெயராகின்றது. இவை ஆக்க விகுதிகள். இவற்றின் பின்னரே பன்மை, உடைமை, வேற்றுமை என்பன இம்முறைப்படி அடுக்கப்படும். 'இஷ்ச்சி–லெர்–இமிஸ்–தென்' என்பது 'நம் தொழிலாளர்களிடமிருந்து' எனப் பொருள் தரும். தமிழில் முன்னே தனித்து நிற்கும் 'நம்' அங்கு சொல்லின் நடுவே விகுதியாகின்றது. ஏனைய அடுக்குமுறை தமிழறிந்தார்க்குப் பழக்கமானதே. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு கால்டுவெல் தமது 1856ஆம் ஆண்டு நூலில் திராவிட மொழிகளைத் துருக்கிமொழி முதலியவற்றோடு உறவுபடுத்த முயன்றார். எனினும் அமைப்பொற்றுமை மட்டும் மொழிக்குடும்ப உறவை நிறுவமாட்டாது.

தமிழில் இல்லாத ஒன்று உயிரிசைவு. பகுதியின் உயிருக்கேற்ப விகுதியின் உயிரும் மாறும். 'யொல்' என்பது பாதை. ஆகவே 'ஸிஸ்', 'லிக்' என்பன அங்கு 'ஸுஸ்', 'லுக்' எனத் திரிய, 'யொல்ஸுஸ்லுக்' என்னும் சொல் பிறக்கின்றது. பாதையின்மை என்னும் அச்சொல் ஊழலைக் குறிக்கும். நெறி என்னும் நம் சொல்லும் பாதையிலிருந்து ஒழுக்கத்துக்குச் சென்றதை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

இவ்விகுதிகள் வரலாற்றில் வகித்த பங்கு யாது? ஒட்டோமன் பேரரசின் எழுத்துமொழி அறபு, பாரசீகச் சொற்களாலும் தொடர்களாலும் நிறைந்து, உழவரின் பேச்சிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. 1923இல் குடியரசு அமைந்தபின், 1928இல் இலத்தீன் எழுத்து ஏற்கப்பட்டது. 1932இல் துருக்கிமொழிச் சங்கம் நிறுவப்பட்டது. அறபு மூலச் சொற்களுக்குப் பதிலாகப் புதுச்சொற்கள் ஆக்கப்பட்டன. விமானத்தைக் குறித்த 'தய்யாரெ' நீங்கி, பறத்தலைக் குறிக்கும் 'உச்' என்னும் வினையடியிலிருந்து 'உச்சாக்' தோன்றியது. நில் என்னும் பொருளுடைய 'துர்' தரிப்பிடத்தைக் குறிக்கும் 'துராக்' ஆனதும் இதே விகுதியாலாகும். மக்கள் நாவில் வாழ்ந்த விகுதியாதலின் புதுச்சொல் அந்நியமாக ஒலிக்கவில்லை.

ஆயின் எல்லாம் இவ்வாறு நிகழ்ந்தன எனல் பொருந்தாது. சமூகம் சார்ந்த என்னும் பொருளில் ஆக்கப்பட்ட 'தொப்லும்ஸால்' என்னும் சொல்லின் 'ஸால்' முன்னர் மிக அரிதாக வழங்கியது. அது பிரெஞ்சு விகுதியின் சாயல் எனக் கண்டிக்கப்பட்டது. எனினும் பாடசாலையும் பத்திரிகையும் அதனை நிலைநிறுத்தின. மொழியின் உள்வளம் சொல்லைத் தரலாம். அதனைப் பரப்புவன சமூக நிறுவனங்களே.

இம்மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. முஸ்தபா கெமால் 1927இல் ஆற்றிய நெடிய உரையைப் பிற்காலத் தலைமுறையினருக்காக இக்காலத் துருக்கிமொழிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மக்களுக்கும் எழுத்துக்கும் இடையிருந்த சுவர் தகர்ந்தபோது, அவர்களுக்கும் அவர்தம் அண்மைக்காலத்துக்கும் இடையே வேறொரு சுவர் எழுந்தது. மொழிச்சீர்திருத்தத்தை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். மொழியைக் கற்போரோ, சொற்பட்டியலை மனனஞ் செய்வதற்கு முன் ஒரு பகுதியையும் அதன் விகுதிகளையும் பிரித்தறியப் பழகுவாராக. ஒன்றை அறிந்தார்க்குப் பத்துச் சொற்கள் தாமே புலனாகும்.